அப்பா கை, மகன் கை

கீரமங்கலம் அருகே குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை 30 அடிக்கு மேல் உயரம். மாசிமகத்தன்று அதன் கழுத்து தெரியாத அளவுக்குக் காகித மாலை சார்த்துவார்கள். சுதையில் நிற்கும் அந்தக் குதிரைக்கு ஊரெல்லாம் பேர். புதுக்கோட்டை மாவட்டத்தின் மற்ற அய்யனார் கோயில்களில் வரிசைகட்டி நிற்பவை சுட்ட மண் குதிரைகள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே அச்சாகத் தெரியும். துவரடிமனையில் மண் குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"அச்சு ஏது தம்பி? காதைப் பாத்தே யார் கைன்னு சொல்லிடுவேன்."

பட்டறையில் அவர் மகன் கால் எழுப்பிக்கொண்டிருந்தார். மணலும் உமியும் கலந்து மிதித்த மண். நான்கு கால்களும் உள்ளே கூடு. அவை இறுகிய பிறகுதான் வயிறு. கொஞ்சம் மண் ஏற்றி, உள்ளே ஒரு கையால் அணை கொடுத்து, வெளியே பலகையால் தட்டுகிறார்கள். பிறகு காயவிட வேண்டும். அவசரப்பட்டு மேலே ஏற்றினால் பாரம் தாங்காமல் வயிறு இறங்கிவிடும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் சூளையில் வெடிக்கும். மகன் ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபிறகே அடுத்த மண்ணை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து அழுத்தியதும் அதே இடத்தில்தான், அதே விரலால்தான்.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்று வாயால் சொல்ல முடியாது. மகன் சின்ன வயதில் செய்தது அகல் விளக்கு, உண்டியல். பிறகு அப்பா செய்த காலுக்குப் பக்கத்தில் இன்னொரு கால். சரியில்லை என்றால் அப்பா ஒன்றும் சொல்லாமல் அதைப் பிசைந்து குவியலில் போட்டுவிடுவார். முகத்தில் கை வைக்க விட்டது கடைசியில்தான்.

ஊர்க்காரர்கள் கேட்பதும் அதே குதிரையைத்தான். அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்காக வேளாரிடம் பிடிமண் கொடுத்துக் குதிரை செய்யச் சொல்லும்போதே "போன தடவை மாதிரி இருக்கணும்" என்பார்கள். போன தடவைக் குதிரையோ வெயிலிலும் மழையிலும் காது போய், மூக்கு போய் நிற்கும். மிச்சத்தைக் கை நினைவில்தான் எழுப்ப வேண்டும். செய்கிறவரின் சாயல் அங்கேதான் நுழைகிறது. அப்பாவின் குதிரைகள் வாய் மூடியவை. மகனுடையவற்றில் கடிவாளத்துக்கு மேல் பல்வரிசை தெரிகிறது. "வேணாம்னு சொன்னேன். ஊர்க்காரங்களுக்குப் புடிச்சுப்போச்சு, விட்டுட்டேன்" என்றார் அப்பா.

1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைநூல், ஒரே ஆசானைத் தொடர்ந்து பார்த்து வரையச் சொல்கிறது. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் எவர் பாணியும் படியாது. ஒருவரிடமே நின்றால் நாளடைவில் தனக்கென்று ஒன்று வரும் என்பது அவர் கட்சி. வேளார் வீட்டிலும் நடப்பது அதுதான். ஆனால் இங்கே மகன் பார்த்துப் படித்ததில் பெரும்பகுதி குதிரையின் வெளித்தோற்றத்தில் தெரியாது; சுவரின் கனத்திலும் காயவிடும் பொறுமையிலும் இருக்கிறது.

இப்போது வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் புதிதாக ஏதாவது கேட்கிறார்கள். ஒருவர் ஒட்டகச்சிவிங்கி கேட்டிருக்கிறார். மகன் செய்து, விரிசல் இல்லாமல் சுட்டும் கொடுத்துவிட்டார்.

"அப்பா அதை ஒருநாளும் செஞ்சதில்ல சார். ஆனா அவ்வளவு நீளக் கழுத்து நின்னது அவர் கணக்குலதான்."