வெட்டுமுன் அறிய வேண்டிய கன்றுகள்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப்பிலா என்ற பழைய பலாமரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அதன் பொந்துக்குள்தான் ஒளிந்தார் என்பது ஊர்க்கதை. பட்டுப்போன அடிமரத்தை இன்றும் பேணி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதன் இனத்துக் கன்றுகளைப் பார்க்க ஆசை.

இடவப்பாதி மழை ஓய்ந்திருந்தது. அமரவிளை தாண்டி, தனுவச்சபுரம், பாறசாலை என்று தமிழக எல்லையை நோக்கிப் போகப்போக, செம்மண் மேட்டு விளைகளின் ஓரமெல்லாம் தானாக முளைத்த கன்றுகள். வளர்ந்த பலாவின் இலை முழுசாக இருக்கும். கன்றிலோ பல இலைகள் இரண்டு மூன்று மடல்களாகப் பிளந்து நிற்கும். அயனிக் கன்றின் இலை இன்னும் ஆழமாக வெட்டுப்பட்டு, தடவினால் சொரசொரக்கும். பெரிய அயனியை மட்டும் பார்த்துப் பழகியவர் இதைக் களை என்றே பிடுங்குவார். வேம்பின் முதல் இலைகளும் பெரிய மரத்து இலையைப் போல நீண்டிருக்காது, மும்மூன்று சிற்றிலைதான். சாலையோரத்துக்கு வெளியிலிருந்து வந்த அக்கேசியா, முளையில் தொட்டாற்சுருங்கி மாதிரி இறகிலை விடும். பிறகு காம்பு தட்டையாகி, அதுவே இலையின் வேலையைப் பார்க்கும். இரண்டும் ஒரே தண்டில் இருக்கும் கன்று இஞ்சிவிளைப் பக்கம் கிடைத்தது. வெகுநேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதிகம் அழிவது பனங்கன்றுதான். கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது. குருத்தையும் கூடவே கொண்டுபோகிறது. கிழங்கு திரண்டு, மாதங்கள் கழித்துத்தான் வெளியே ஓர் இலை. அதுவும் விசிறி அல்ல, நீளவாக்கில் மடிப்பு விழுந்த விறைப்பான ஒற்றை நாடா. விசிறி விரிய வருஷங்கள் ஆகும். அதற்குள் எத்தனை முறை ஓரம் செதுக்குகிறார்கள்! வடலி என்கிற இளம்பனையை எல்லாருக்கும் தெரியும். அந்த நாடாவைத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

களியக்காவிளைக்கு முன்னால் ஒரு விளையில், பாட்டி ஒருவர் அப்படிப்பட்ட கன்றுகளுக்குச் சிவப்புத் துணி கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு பாட்டி?"

"நாளைக்கு மெஷின் வச்சு புல்லு அறுக்க வருவாவ மக்ளே. இது பனையாக்கும்னு அவியளுக்குத் தெரியாது."

வேலியோரம் இன்னும் மூன்று நின்றன. துணியை வாங்கி நானும் கட்டினேன்.