லிஸ்பன் பட்டணத்தில் ஒரு நாள் நடை



லிஸ்பனை ஏழு குன்றுகளின் பட்டணம் என்று அழைப்பார்கள். அந்த எண்ணிக்கை சரியா என்பதை அங்கே நடந்தவரின் முழங்கால்களிடம்தான் கேட்க வேண்டும். வரைபடத்தில் ஒரு விரல் நீளமாகத் தெரியும் தெரு, நேரில் போய் நின்றால் படிகளாக மேலே ஏறுகிறது. நடைபாதைகளில் பதித்த சின்னஞ்சிறு சுண்ணாம்புக் கற்கள் பல தலைமுறைகளின் பாதம் பட்டு வழவழப்பாகிவிட்டன. மழைத் தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். போர்த்துகல் நாட்டின் இந்தத் தலைநகருக்கு நீங்கள் எப்போதாவது போக நேர்ந்தால், அழகான செருப்பை விட்டுவிட்டு அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணியை அணிந்து செல்லுங்கள்.

2023 அக்டோபரில் நானும் என் துணைவியாரும் அப்பட்டணத்தில் ஒரு முழு நாள் நடந்தோம். மேற்கே பெலேம் என்னும் பகுதிவரை நடந்தே போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் தீர்மானம். தமிழ் மொழியில் முதன்முதலாக அச்சேறிய புத்தகம் லிஸ்பனில்தான் அச்சாயிற்று. அதன் பிரதி பெலேமில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

காலையில் அல்பாமா பகுதியில் ஏறத் தொடங்கினோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். மேலே துணி உலர்கிறது, கீழே மீன் வாட்டும் வாசனை வருகிறது. அல்பாமா என்ற பெயரே அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1147-இல் கிறிஸ்தவ அரசன் இப்பட்டணத்தை மூர்களிடமிருந்து கைப்பற்றியபின், அவர்கள் குன்றின் மறுபுறத்துச் சரிவில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த இடத்துக்கு மொராரியா, அதாவது மூர்களின் சேரி என்று பெயர். கோட்டைவரை ஏறி அந்தப் பக்கமாக இறங்கும்போது என் துணைவியார் மூன்று முறை உட்கார்ந்துவிட்டார்.

மொராரியாவில் இன்றும் குடியிருப்பவர்களில் பலர் வெளிதேசத்தாரே. வங்காளதேசத்தார், நேபாளத்தார், பஞ்சாபியர், ஆப்பிரிக்கர் எனப் பலரையும் அங்கே காணலாம். ஒரு சிறிய மளிகைக் கடையில் தண்ணீர் வாங்க நின்றோம். கடைக்காரர் வங்காளதேசத்து இளைஞர். என் துணைவியாரின் முகத்தைப் பார்த்தவுடனே, "பாபி, பைட்டியே" என்று இந்தியில் சொல்லி முக்காலியை எடுத்துப் போட்டார். வந்து மூன்று வருடமாகியும் பாஷை நாவில் ஏறவில்லை என்றார். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே சில வார்த்தைகள் தாமாகவே புரிந்துவிட்டனவாம். ஜன்னலைக் காட்டி "ஜனெலா" என்றார். அவர் ஊரில் அது ஜானலா. அலமாரி அங்கே அர்மாரியு. சாவிக்கும் அப்படியே ஒரு சொல். நாங்கள் "ஜன்னல், அலமாரி, சாவி" என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்தவர்கள் வங்காளத்திலும் தமிழ்க் கரையிலும் விட்டுப்போன சொற்கள், அவர்கள் பட்டணத்திலேயே பிழைக்க வந்த ஒருவருக்கு முதல் பாடமாகியிருந்தன.

அங்கிருந்து ரொசியு சதுக்கம் அருகில்தான். அதன் ஓரத்தில் சாந்து தொமிங்கோஸ் ஆலயம் நிற்கிறது. 1959-இல் தீப்பற்றி எரிந்த இதன் தூண்கள் வெடித்துக் கருகிய தழும்புகளோடு இன்றும் இருக்கின்றன. 1506 ஏப்ரலில் இவ்வாலயத்தில் தொடங்கிய கலவரத்தில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்டிருந்த யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதை நினைவுகூரும் கல் 2008-இல்தான் வெளியே நாட்டப்பட்டது. அதைச் சுற்றி ஆப்பிரிக்கச் சகோதரர்கள் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள்.

ரொசியுவுக்குத் தெற்கே பட்டணத்தின் முகமே மாறுகிறது. வளைந்த சந்துகள் போய், கோடு போட்டதுபோல் நேரான வீதிகள். காரணம் பூகம்பம். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். ஆலயங்களில் ஜனங்கள் நிறைந்து மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. கட்டிடங்களுக்குத் தப்பியோர் ஆற்றங்கரை வெளிக்கு ஓடினார்கள். அங்கே கடல் அலை எழும்பி வந்தது. மிஞ்சியதை நாட்கணக்கில் நெருப்பு எரித்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையை நாகப்பட்டினத்திலோ கன்னியாகுமரியிலோ உறவினர் மூலம் அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டிலுள்ள கார்மோ ஆலயத்தைக் கூரையில்லாமலே விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் வளைவுகளுக்கு மேலே வானம்தான். மந்திரி பொம்பால் பட்டணத்தைத் திரும்பக் கட்டியபோது, சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோல் பொருத்தினார்கள். மாதிரிக் கட்டிடத்தைச் சுற்றிப் படைவீரரை அணிநடை போடச் செய்து அதன் உறுதியைச் சோதித்தார்கள் என்பர்.

ஆற்றங்கரைச் சதுக்கத்தை உள்ளூரார் இன்னும் அரண்மனை முற்றம் என்றே சொல்லுகிறார்கள். அரண்மனையும், இந்திய வாணிபத்தை நடத்திய அலுவலகமும் அந்தக் காலையோடு போயின.

அங்கிருந்து பெலேம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். சமதரைதான், ஆனால் குன்றேறிய கால்களுக்கு அதுவும் நீண்டது. 1966-இல் திறக்கப்பட்ட தொங்கு பாலத்தின் கீழே போகும்போது, மேலே வாகனங்கள் ஓடும் சத்தம் பெரிய வண்டுக்கூட்டம்போல் இரைகிறது. என் துணைவியார் பேச்சை நிறுத்திவிட்டார். வழியில் முட்டைப் பாலேட்டுப் பலகாரம் ஒன்று வாங்கிப் பகிர்ந்தோம். ஒரு யூரோவுக்குச் சற்று மேல், அந்தக் காசுக்குத் தகும்.

பெலேம் என்றால் போர்த்துகீசிய மொழியில் பெத்லகேம். வாஸ்கோ ட காமா 1497-இல் புறப்பட்டது இங்கிருந்துதான். 1524-இல் கொச்சியில் மரித்த அவருடைய கல்லறை இங்குள்ள பெரிய மடத்தின் ஆலயத்தில் இருக்கிறது. அதைக் காண நீண்ட வரிசை நின்றது. நாங்கள் தேடிவந்த அருங்காட்சியகமோ புதுப்பிப்பு வேலைகளுக்காக மூடப்பட்டிருந்தது. அதை முன்னமே அறிந்துதான் வந்தோம். அந்தப் புத்தகம் இருக்கும் இடத்தின் வாசலையாவது பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூடிய கதவின் அருகே, கல்லின்மேல் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார்.

அந்தப் புத்தகம் 1554-இல் அச்சிடப்பட்டது. ஜெபங்களும் விசுவாசப் பிரமாணமும் தமிழில், வரிக்கு வரி போர்த்துகீசியப் பொருளோடு. வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலு, தோமா த க்ரூஸ் என்னும் மூன்று இந்தியக் கிறிஸ்தவர்களின் உழைப்பு அது; பெயர்களைப் பார்த்து அந்நியர் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே தமிழ் எழுத்துக்கு அச்சு வார்ப்பு இல்லை. ஆகவே தமிழ் முழுவதையும் ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். தமிழ் தன் சொந்த எழுத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் வெளிவர 1578 ஆயிற்று.

மும்பையிலும் தில்லியிலும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். "எழுத்தே தெரியாத தமிழ் என்ன தமிழ்?" என்று வருந்தும் பெரியவர்களில் என் துணைவியாரும் ஒருவர். ஞாயிறுதோறும் இதற்காகவே பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுவார். அன்று வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருபத்துநாலு வருஷம் ஆயிருக்கிறது, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

இருட்டத் தொடங்கியபோது 15-ஆம் எண் டிராம் வந்தது. இனி நடக்க இருவராலும் முடியவில்லை, ஏறிக்கொண்டோம்.