வலிச்சா கையைத் தூக்குங்க!

எங்க அக்கா பல் டாக்டர். நம்ம ஊரில் பி.டி.எஸ். முடித்தவள். அமெரிக்கா போனதும் ‘இங்கே பல்லில் கை வைக்கணும்னா மறுபடி படிச்சுட்டு வா’ என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு இரண்டு வருஷம் படித்து, டெக்ஸாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ என்கிற ஊரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். நான் வெறும் பி.காம். இரண்டு மாசம் விசாவில் போய் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிய ஜனங்கள். 1836 வரை டெக்ஸாஸே மெக்ஸிகோவோடுதான் இருந்தது. வயசானவர்கள் பலருக்கு ஸ்பானிஷ்தான் சரளம். அக்காவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண் பிரசவ லீவில் போய்விட்டாள். போன் பண்ணினால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் உண்டு; ஆனால் நிமிஷக் கணக்கில் டாலர்.

“தண்டச் செலவு. நாலு வார்த்தை நீயே கத்துக்கோயேன்” என்றேன். காமர்ஸ் மூளை!

ராத்திரி டைனிங் டேபிளில் பாடம். பேஷண்ட் நான். ‘ஆப்ரா லா போகா’ என்றால் வாயைத் திறக்கணும். ‘முயெர்தா’ என்றால் கடிக்கணும். இதில் ‘மு’வை ‘மி’யாக்கி ‘மியெர்தா’ என்றால் அது காலைக்கடன் சமாச்சாரம். அக்கா முதல் மூணு நாள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பாவம், எல்லோரும் மரியாதையாகக் கடித்திருக்கிறார்கள்.

தமிழன் என்பதில் சில சௌகரியங்கள் உண்டு. வயசு கேட்க, ‘குவான்தோஸ் ஆஞோஸ் தியெனே?’ அந்த ‘ஞோ’வை ‘நோ’ என்று சொன்னால் உடம்பின் பின்வாசல் எத்தனை என்று கேட்டதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஞாபகமாகக் கறி வாங்குகிற நமக்கு ‘ஞ’ ஒரு பிரச்னையா? அதேபோல நீ, நீங்கள் வித்தியாசம். ‘தே துவேலே’ என்றால் உனக்கு வலிக்குது. ‘லே துவேலே’ என்றால் உங்களுக்கு வலிக்குது. தாத்தா பாட்டிக்கு ‘லே’தான். இதை அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வில்லங்கம் எங்கே வந்தது என்றால், பதிலில். ‘தோந்தே லே துவேலே?’, எங்கே வலிக்குது என்று அழகாகக் கேட்டுவிடுவாள். அடடா, டாக்டரம்மாவுக்கு நம்ம பாஷை தெரியுதே என்று ஒரு பாட்டி, வலி ஆரம்பித்த ராத்திரியிலிருந்து மருமகள் சொன்ன கைவைத்தியம் வரை கொட்டித் தீர்த்தாள். அக்காவுக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: ‘முவேலா’. கடைவாய்ப்பல்.

“பதிலே வேண்டாத மாதிரி பேசேன்” என்று யோசனை சொன்னேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறவர் எந்த பாஷையில்தான் பேச முடியும்? ‘லெவாந்தே லா மானோ சி லே துவேலே.’ வலிச்சா கையைத் தூக்குங்க. இது அருமையாக வேலை செய்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒரு காலை. வெயிட்டிங் ஹாலில் ஓசிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து மாத்திரை அட்டையையும் அக்கா எழுதிக் கொடுத்த சீட்டையும் என் முன்னால் நீட்டினார். பெனிசிலின் ஒத்துக்காதவர் என்பதால் அஸித்ரோமைசின். முதல் நாள் இரண்டு, அப்புறம் நாலு நாள் தினம் ஒன்று, ஆக மொத்தம் ஆறு. அவர் சீட்டில் ஒரு வார்த்தையைத் தொட்டார். பத்து விரலையும் காட்டினார். அப்புறம் இன்னொரு விரல்.

எண்கள் மட்டும் எனக்கு நூறு வரை மனப்பாடம். எட்டிப் பார்த்தேன். வயிற்றில் புளி கரைத்தது. அக்கா தெரிந்த வார்த்தைகளையெல்லாம் பெருமையாக ஸ்பானிஷில் எழுதிவிட்டு, தெரியாத ஒரே இடத்தில், ஒரு வேளை என்பதற்கு, ‘ஒன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஓ, என், சி, ஈ. அதே நாலு எழுத்தை ஸ்பானிஷில் ‘ஓன்ஸே’ என்று படிப்பார்கள். ஓன்ஸே என்றால் பதினொன்று.

தினம் பதினொன்று, ஆனால் அட்டையில் ஆறுதானே இருக்கு என்று கேட்க வந்திருக்கிறார் மனுஷர். முழுசாக ஸ்பானிஷே தெரியாமல் எழுதியிருந்தால், இது இங்கிலீஷ் என்று யாரிடமாவது காட்டிக் கேட்டிருப்பார்.

அக்கா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. “இதுவே வலி மாத்திரையா இருந்து, பாட்டில்ல முப்பது இருந்திருந்தா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தண்டச் செலவு போன் சாயங்காலமே திரும்பி வந்தது. அந்த வாரம் சீட்டு வாங்கிப்போன ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எத்தனை மாத்திரை, எத்தனை வேளை என்று விசாரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் பில் கேட்கவில்லை.

இப்போது சீட்டில் ‘ஊனா வெஸ் அல் தியா’, தினம் ஒரு தடவை என்று எழுதுகிறாள். பக்கத்தில் ஒரு சூரியன் படம் வேறு.

அடுத்த வாரம் அதே பெரியவர் பல் அடைக்க வந்தார். பாதியில் கையைத் தூக்கியிருக்கிறார். அக்கா பதறிப்போய் மெஷினை நிறுத்தினாளாம். அவர் நிதானமாகப் பஞ்சை எடுத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாராம்:

“முயெர்தா, டாக்டர்... மு... மு!”