அப்பாவின் உளிகளுக்கு ஒரு வீடு! - கோபே தச்சுக் கருவிகள் அருங்காட்சியகத்தில் ஒரு நாள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்கு மூட்டை இருக்கிறது. அதற்குள் இரண்டு இழைப்புளி, ஏழெட்டு உளி, ஒரு கொட்டாப்புளி, துருப்பிடித்த ரம்பம். எல்லாம் அப்பாவுடையவை. ரெடிமேட் கதவும் பிளைவுட் அலமாரியும் வந்தபிறகு தச்சு வேலை குறைந்துகொண்டே போனது. ஏழு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் மூட்டையைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அபார்ட்மென்ட் ஒன்றில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார்.

நானும் அக்காவும் அந்த மூட்டையைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். "படிக்கிற கைக்கு உளி எதுக்கும்மா?" என்பார்.

இந்த வருடம் பத்து நாள் லீவில் ஒசாகாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா அங்கே ஐ.டி வேலையில் இருக்கிறார். ஒசாகா கோட்டை, யுனிவர்சல் ஸ்டுடியோ என்று அக்கா பெரிய பட்டியலே வைத்திருந்தாள். "எனக்கு ஒருநாள் கோபே போகணும்க்கா. அங்கே தச்சர் கருவிகளுக்குன்னே ஒரு மியூசியம் இருக்காம்" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால், கூடவே வந்தாள்.

மண்ணுக்குக் கீழே ஒரு பட்டறை

ஷின்-கோபே புல்லட் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். பின்னால் பச்சை மலை, முன்னால் சின்னத் தோட்டம், அதற்குள் ஓடு வேய்ந்த ஒற்றை மாடிக் கட்டடம். 'இவ்வளவுதானா?' என்று தோன்றியது. உள்ளே போனால்தான் தெரிகிறது, முக்கியமான தளங்கள் இரண்டும் நிலத்தடியில் இருக்கின்றன.

இதன் பெயர் தக்கேனகா தச்சுக் கருவிகள் அருங்காட்சியகம். 1610-ல் தொடங்கிய தக்கேனகா என்ற கட்டுமான நிறுவனம், 1984-ல் இதை ஏற்படுத்தியது. இப்போதுள்ள இடத்துக்கு 2014-ல் மாறியது. மின்சாரக் கருவிகள் வந்ததும் கைக்கருவிகள் வேகமாக மறையத் தொடங்கின. அதனால் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இன்று 30,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன.

சேர்ப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? நல்ல கருவி எதுவோ, அதைத்தான் தச்சர் தினமும் எடுப்பார். தீட்டித் தீட்டி, தேயும்வரை உழைக்கும். கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது. சுமாரான கருவிதான் மூலையில் பத்திரமாகக் கிடக்கும். இதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அப்பாவின் உளிகள் சுமாரானவை இல்லை. ஆனாலும் அவை தேயாமல் கிடக்கின்றன.

179 கருவிகள்

ஒரு சுவர் முழுக்க கருவிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு தச்சர் தரமான வீடு கட்ட எத்தனை கருவிகள் தேவை என்று 1943-ல் ஓர் ஆய்வு நடந்தது. வந்த எண்ணிக்கை 179. உளியில் மட்டும் எத்தனை அளவுகள்! அக்கா எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

எனக்குப் பிடித்தது 'சாஷிகானே' என்ற எல் வடிவ அளவுகோல். முன்பக்கம் சாதாரண அளவு. பின்பக்கம் ஒவ்வொரு கோடும் 1.414 மடங்கு தள்ளி இருக்கும். உருண்டை மரத்தின் குறுக்களவை இந்தப் பின்பக்கத்தால் அளந்தால், அதிலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுரத் தூணின் பக்க அளவு நேராகக் கிடைத்துவிடும். கணக்கே போட வேண்டாம். பத்தாம் வகுப்பில் என்னைப் படுத்திய ரூட் 2, இங்கே ஓர் இரும்புத் தகட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

நாராவில் உள்ள 8-ம் நூற்றாண்டு தோஷோதாய்ஜி கோயிலின் கூரைத் தாங்கியை முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. மரத்துக்குள் மரம் கோத்துப் பாரம் தாங்கும் வேலை அது. 'ஜப்பான்காரர்கள் ஆணியே அடிக்க மாட்டார்கள்' என்று ரீல்ஸில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் இருக்கும் ஹோர்யூஜி கோயிலிலேயே இரும்பு ஆணிகள் உண்டு. எங்கே மூட்டு, எங்கே ஆணி என்று தெரிந்து வேலை செய்ததில்தான் அவர்களின் திறமை இருக்கிறது.

இழுத்தால் அறுக்கும்

நம் ஊர் ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். இழைப்புளியும் அப்படியே, தன் பக்கமாக இழுக்க வேண்டும். தள்ளும்போது தகடு வளையப் பார்க்கும், அதனால் கனமாக இருக்க வேண்டும். இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்கும், அதனால் மெல்லிசாகவே செய்யலாம். வெட்டும் மெலிசு, தூளும் குறைவு.

மரச் சுருள்களைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கலாம். ஹினோக்கி என்ற மரத்தின் வாசனை எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்ததுபோல இருந்தது. ஜப்பானில் இழைப்புப் போட்டிகள்கூட நடக்கின்றன. அவற்றில் 10 மைக்ரானுக்கும் மெல்லிய சுருளை எடுக்கிறார்கள். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான்!

திரும்பும் வழியில் ஒரு கடையில் 'ரியோபா' ரம்பம் வாங்கினேன். இரண்டு பக்கமும் பல். ஒருபக்கம் மரத்தின் ரேகையோடு அறுக்க, மறுபக்கம் குறுக்கே அறுக்க. (நீங்கள் வாங்கினால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் விடமாட்டார்கள்.)

ஆறு பலகை, ஒரு ஆப்பு

அருங்காட்சியகத்திலிருந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் கருவிகளுக்கு ஜப்பான் தச்சர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு பெட்டி. புதிதாக மரவேலை பழகுகிறவர்களுக்கு இது நல்ல ஆரம்பம்.

நான் பயன்படுத்தியது பழைய பேக்கிங் பைன் பலகை. 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். பக்கங்களுக்கு நான்கு பலகை, அடியில் ஒன்று, மூடிக்கு ஒன்று. இரண்டு முனைகளிலும் மேலே குறுக்குப் பலகை அடிக்க வேண்டும். முனைப் பலகைகளை மூடியின் கனம் அளவுக்குத் தாழ்வாக அறுத்துக்கொண்டால், மூடி அந்தக் குறுக்குப் பலகைகளுக்கு அடியில் நுழையும். மூடியின் மேல் இரண்டு ரீப்பர் சட்டம். ஒருபக்கம் உள்ளே தள்ளி, மறுபக்கத்தைக் கீழே இறக்கி, திரும்ப இழுத்தால் இரண்டு முனையும் மாட்டிக்கொள்ளும். மிச்சம் இருக்கும் இடைவெளியில் ஒரு ஆப்பு வைத்தால் பெட்டி பூட்டியாச்சு. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை.

சொல்ல சுலபம். பழக்க தோஷத்தில் ரம்பத்தைத் தள்ளி, முதல் நாளே தகட்டை வளைத்துவிட்டேன். இரண்டு பலகை கோணலாகிப் போனது. அப்பா நைட் டியூட்டிக்குப் போனபிறகு மொட்டை மாடியில் நான்கு வாரம் திருட்டுத்தனமாக வேலை நடந்தது. அம்மாதான் காவல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியைக் கூடத்தில் வைத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆப்பை எடுத்தார், மூடியைத் தள்ளினார், திறந்தார், மூடினார். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார்.

"இந்த மூலை சாய்ஞ்சிருக்கு."

"தெரியும்ப்பா."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லப்பா."

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். மூட்டையைப் பிரித்து, இழைப்புளியின் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "சாணைக்கல் எங்கே வெச்சேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். அன்று மதியம் அந்த மூலையை அவரே இழைத்துச் சரி செய்தார். ரியோபாவையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

இப்போது வாரம் ஒருநாள் மாடியில் எனக்கு வகுப்பு. அடுத்து அம்மாவுக்கு ஒரு குட்டி ஸ்டூல் செய்கிறோம். அந்தப் பெட்டி மட்டும் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. கருவிகள் எல்லாம் வெளியே, வேலையில் இருக்கின்றன.

*(கோபே போகிறவர்களுக்கு: அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே நுனோபிக்கி அருவி இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.)*