ஒரே மது, வேறு மரம்

மதுவைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அறிவுரையாக இருக்கும். இல்லாவிட்டால் வீரப்பிரதாபமாக இருக்கும். இரண்டுக்குமான வயதை நான் கடந்துவிட்டேன். அளவோடு அருந்துபவன், எந்தக் கூற்றையும் சரிபார்க்காமல் விட மனம் வராத பத்திரிகையாளன் என்ற இரு தகுதிகளோடு மட்டும் இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் பேர்பன் விஸ்கிப் போத்தல்களில் இப்போது 'பிரெஞ்சு ஓக்', 'இரட்டை ஓக்' என்றெல்லாம் அச்சிடுகிறார்கள். அந்த வேறுபாடு உண்மையில் நாக்குக்குத் தெரியுமா, அல்லது அது விற்பனைப் பேச்சா என்ற சந்தேகம் எனக்கு நீண்டகாலமாக இருந்து வந்தது.

சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. பேர்பன் என்ற பெயரைச் சூட்டிக்கொள்வதற்கு அமெரிக்கச் சட்டம் கண்டிப்பான நிபந்தனைகளை விதிக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கவேண்டும். பீப்பாவில் ஊற்றும்போது மதுசாரத்தின் அளவு 62.5 சதவீதத்தை மீறக்கூடாது. செயற்கை நிறமோ சுவையூட்டியோ சேர்க்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்திலேயே அது முதிரவேண்டும். ஒருமுறை பேர்பனை முதிரவைத்த பீப்பாவில் மீண்டும் பேர்பனை முதிரவைக்க முடியாது. அத்தகைய பழைய பீப்பாக்களில் பெருந்தொகையானவை ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. ஆகவே பேர்பனின் நிறம் முழுவதும் மரம் தந்தது. சுவையிலும் பெரும்பங்கு மரத்தினுடையதே. ஆனால் எந்த நாட்டு ஓக் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இன்றைய சோதனைகள் எல்லாம் நடைபெறுகின்றன.

அண்மையில் ரொறன்ரோ சென்றிருந்தபோது நண்பர் ஒருவரின் இல்லத்தில் இதைப் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. இரண்டு சோடிகள், நான்கு கிண்ணங்கள். நண்பரின் துணைவியார் சமையலறையில் வைத்து ஊற்றி, கிண்ணங்களின் அடியில் இலக்கமிட்டுக் கொண்டுவந்தார். எந்தச் சோடி எதுவென்று தெரியும். சோடிக்குள் எது எந்தக் கிண்ணம் என்பது எங்கள் மூவரில் எவருக்கும் தெரியாது.

முதற்சோடி வூட்ஃபோர்ட் றிசேர்வ். சாதாரண வகை ஒன்று. 2012இல் அறிமுகமான 'டபிள் ஓக்ட்' மற்றையது. முதிர்ந்த பேர்பனை இரண்டாவது புதிய பீப்பாவுக்கு மாற்றுவதே பின்னையதன் விசேடம். அந்த இரண்டாவது பீப்பா நீண்டநேரம் மெல்லிய சூட்டில் வாட்டப்பட்டு, பின்னர் இலேசாகவே கருக்கப்படுகிறது. இரண்டிலும் மதுசாரம் 45.2 சதவீதம் என்பதால் ஒப்பீடு நியாயமானது. ஒரு கிண்ணத்தில் தோடம்பழத் தோலும் மிளகின் காரமும் முன்னே வந்தன. மற்றதை முகர்ந்ததும் எனக்குக் கித்துள் பாணியும் தணலில் சுட்ட முந்திரிப் பருப்பும் நினைவுக்கு வந்தன.

இரண்டாவது சோடி மேக்கர்ஸ் மார்க்கும், 2010இல் வெளிவந்த மேக்கர்ஸ் 46உம். இங்கே செய்முறை வேறு. முதிர்ந்த மதுவைப் பீப்பாவிலிருந்து வெளியே எடுத்து, தீயில் வாட்டிய பத்துப் பிரெஞ்சு ஓக் பலகைகளை உள்ளே பொருத்தி, அதே மதுவை மீண்டும் ஊற்றிச் சுமார் ஒன்பது வாரங்கள் வைத்திருக்கிறார்கள். முன்னதன் மதுசாரம் 45 சதவீதம், பின்னதன் மதுசாரம் 47 சதவீதம். அந்த வித்தியாசத்தை மரத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்பதற்காக, 46இல் மட்டும் சில துளி நீர் கலக்கும்படி ஊற்றியவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தோம். ஒன்று மென்மையாகவும் வனிலா இனிப்போடும் இறங்கியது. மற்றதில் கறுவாவும் கராம்பும் தலைகாட்டின. விழுங்கிய பின்னர், சாயம் கூடிய பிளேன்ரீ குடித்ததுபோல் நாக்கின் ஓரங்களில் ஒரு துவர்ப்பு எஞ்சி நின்றது.

இரு சோடிகளிலும் மரம் கூடிய கிண்ணம் எதுவென்பதை மூவரும் சரியாகச் சொன்னோம். எது சிறந்தது என்பதில் மட்டும் உடன்பாடு ஏற்படவில்லை. வேறுபாடு மெய், உயர்வு தாழ்வு அவரவர் விருப்பம் என்பதே எங்கள் தீர்ப்பு.

இதற்கு விஞ்ஞான விளக்கம் இருக்கிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் தேங்காய் வாசனை தரும் லக்டோன் சேர்மங்கள் அதிகம். ஐரோப்பிய ஓக்கில் துவர்ப்புத் தரும் தனின் அதிகம். தீ இன்னொரு வேலையைச் செய்கிறது. மரத்திலுள்ள லிக்னின் வெப்பத்தில் சிதைந்து வனிலினைத் தருகிறது. மரத்தின் சர்க்கரைகள் பாகாகின்றன. மேற்பரப்பில் படியும் கரி, மதுவின் கரடுமுரடான தன்மையை உறிஞ்சிக்கொள்கிறது.

மரத்தின் பங்கை மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் பஃபலோ ட்ரேஸ் வடிசாலையினர். 1999இல் மிசூரி மாநிலத்தில் 96 ஓக் மரங்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு மரத்தின் அடிப்பகுதியிலிருந்து ஒன்றும் மேற்பகுதியிலிருந்து ஒன்றுமாக 192 பீப்பாக்கள் செய்தார்கள். 2011 முதல் 2015 வரை அவற்றைத் தனித்தனியே போத்தலில் அடைத்து விற்று, அருந்தியவர்களிடம் புள்ளிகள் கேட்டார்கள். முதலிடம் பெற்றது 80ஆம் இலக்கப் பீப்பா. அது ஒரு மரத்தின் அடிப்பகுதியில் செய்யப்பட்டது. ஒரே இன மரத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடு தேடப்பட்டிருக்கிறது.

எங்கள் நாட்டிலும் தென்னஞ்சாராயத்தை மரக் கலங்களில் முதிரவைக்கும் வழக்கம் உண்டு. அதற்குப் பேர்போனது சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரம். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரே 'திருகோணமலை மரம்' என்பதுதான். அந்தக் கலங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுபவை. கென்டக்கியிலோ ஒவ்வொரு முறையும் புதிய மரம் வேண்டும். 'இரட்டை ஓக்' என்றால் ஒரே மதுவுக்கு இரண்டு புதிய பீப்பாக்கள்.

நான்கு கிண்ணங்களும் காலியானபோது எனது பழைய சந்தேகம் தீர்ந்து, புதியது ஒன்று பிறந்திருந்தது. இத்தனை மரத்துக்கு எங்கே போவார்கள்? பீப்பாவுக்கு உகந்த பருமனை அடைய வெள்ளை ஓக்குக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தேவைப்படலாம். அமெரிக்கக் காடுகளில் முதிர்ந்த ஓக் மரங்கள் இன்று நிறையவே நிற்கின்றன. இளங்கன்றுகள்தான் போதிய அளவில் இல்லை. முன்பு அவ்வப்போது பரவிய சிறு தீ காட்டின் தரையைத் துப்புரவாக்கி ஓக் கன்றுக்கு வெளிச்சம் கொடுத்தது. அது கட்டுப்படுத்தப்பட்ட பின்னர் மேப்பிளும் பீச்சும் நிழல் பரப்பி அக்கன்றுகளை எழவிடாமல் செய்கின்றன. வடிசாலைக்காரர்களும் வனவியலாளர்களும் பல்கலைக்கழகத்தினரும் ஒன்றுசேர்ந்து 2017இல் 'வெள்ளை ஓக் முன்முயற்சி' என்ற அமைப்பைத் தொடங்கியது இந்த அச்சத்தினால்தான்.

போத்தலில் மதுவின் வயதை எழுதுகிறார்கள். மரத்தின் வயதை எழுதுவதில்லை. எழுதினால், ஒவ்வொரு பீப்பாவுக்கும் எவ்வளவு காலம் செலவாகியிருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியவரும். இன்று முளைக்கும் கன்று பீப்பாவாகும்போது அதன் சுவையைப் பற்றி எழுத எங்களில் எவரும் இருக்கப்போவதில்லை. ஆயினும் அந்தக் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்கச் செய்யவேண்டியவர்கள் இன்று இருப்பவர்களே.