4,000 ஏக்கர் ஏரி... ஆயிரம் ஆண்டு கரை... அங்கோர் நகரைப் பார்க்கப் போகலாமா?

கம்போடியா நாட்டின் சியெம் ரீப் நகருக்குச் சுற்றுலா வருகிறவர்கள், விடியற்காலை 5 மணிக்கே கிளம்பி அங்கோர் வாட் கோயிலுக்குப் போவார்கள். கோயில் மேற்குப் பார்த்தது. அதனால் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும். முன்னால் உள்ள குளத்தில் கோபுரங்கள் தலைகீழாகத் தெரியும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு மூன்று கோயில்களைச் சுற்றிவிட்டு ஊர் திரும்புவார்கள்.

ஏரியும் வாய்க்காலும் அறிந்த விவசாயக் குடும்பத்துக்கு அங்கே பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. அந்தக் கோயில்களைக் கட்டிய மன்னர்கள், மழைநீரைப் பிடித்து வைக்க மைல் கணக்கில் கரை போட்டார்கள். அந்தக் கரைகள் இன்றும் நிற்கின்றன. ஓர் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. இன்னொன்றில் நெல் விளைகிறது. மூன்றாவது, நூற்றாண்டுக் கணக்கில் வறண்டு கிடந்து, இப்போது திரும்பவும் நிரம்பியிருக்கிறது. இந்த மூன்றையும் பார்த்தால், அங்கோர் எப்படி வாழ்ந்தது, எதனால் நொடித்தது என்பது விளங்கும்.

மழையை நம்பிய தலைநகரம்

கெமர் பேரரசின் தலைநகரம் 9-ம் நூற்றாண்டு முதல் 15-ம் நூற்றாண்டு வரை இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. வடக்கே குலென் மலை. தெற்கே தோன்லே சாப் என்ற பெரிய ஏரி. நடுவில் லேசான சரிவுடன் சமவெளி. மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெரிதாக மழை கிடையாது. நகரமும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் வயல்களுமாக ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தன. உச்ச காலத்தில் 7 லட்சம் முதல் 9 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது 2021-ல் வெளியான ஆய்வின் கணிப்பு. அத்தனை பேருக்கும் சோறு போட்டது நெல்.

877-ல் ஆட்சிக்கு வந்த முதலாம் இந்திரவர்மன், பதவியேற்ற 5 நாளில் வெட்டும் வேலையைத் தொடங்குவேன் என்று சபதம் செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அவன் எழுப்பிய ஏரியின் பெயர் ‘இந்திர தடாகம்’. நாம் சொல்லும் அதே தடாகம்தான். 3.8 கிலோமீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். பிறகு வந்த மன்னர்கள் இதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள். கெமர் மொழியில் இந்த ஏரிகளைப் ‘பராய்’ என்கிறார்கள்.

பராய் கட்டிய விதம் கவனிக்க வேண்டியது. தரையை ஆழமாகத் தோண்டவில்லை. நான்கு பக்கமும் மண்ணை அள்ளிப் போட்டுக் கரை எழுப்பினார்கள். தண்ணீர் வயல் மட்டத்துக்கு மேலே நின்றது. கரையைத் திறந்தால் தானாகப் பாயும், இறைக்க வேண்டியதில்லை. இவை பாசனத்துக்கா, அரசனின் பெருமைக்கா என்று ஆராய்ச்சியாளர்களிடையே நீண்ட காலம் வாதம் நடந்தது. வரத்து வாய்க்கால்களும் போக்கு வாய்க்கால்களும் தரையில் அடையாளம் காணப்பட்ட பிறகு, பாசனப் பயன்பாட்டைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தண்ணீர் நிற்கும் மேற்குப் பராய்

11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 2.1 கிலோமீட்டர் அகலம். ஏக்கர் கணக்கில் 4,000-க்கு மேல். கரை ஏறி நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். கிழக்குப் பகுதி மண் மேவி மேடாகிவிட்டதால், கோடையில் மேற்குப் பக்கம்தான் தண்ணீர் நிற்கும். தெற்கே உள்ள வயல்களுக்கு இன்றும் இதிலிருந்து பாசனம் நடக்கிறது.

ஏரியின் நடுவில் ஒரு தீவு. அதில் மேற்கு மெபோன் என்ற சிதைந்த கோயில். பள்ளிகொண்ட விஷ்ணுவின் பெரிய வெண்கலச் சிலையின் பகுதி 1936-ல் அங்கே கிடைத்தது. படகில் போய்ப் பார்க்கலாம். விடுமுறை நாளில் உள்ளூர்க் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு கரைக்கு வந்து, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும்.

நெல் விளையும் கிழக்குப் பராய்

முதலாம் யசோவர்மன் கட்டிய ‘யசோதர தடாகம்’ 7.5 கிலோமீட்டர் நீளம், 1.8 கிலோமீட்டர் அகலம். இன்று சொட்டுத் தண்ணீர் தேங்குவதில்லை. ஏரியின் வயிற்றுக்குள் வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. நடுவில் நிற்கும் கிழக்கு மெபோன் கோயிலுக்கு நான்கு பக்கமும் படித்துறை உண்டு. படகு வந்து நின்ற அந்தத் துறைகள் இப்போது காய்ந்த தரையைப் பார்த்து நிற்கின்றன. ஏரி எவ்வளவு உயரம் நிரம்பியது என்பதை அங்கே நின்றால் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

இந்த வழியாகத்தான் பந்தே ஸ்ரேய் கோயிலுக்குச் சாலை போகிறது. 967-ல் கட்டி முடிக்கப்பட்ட, செம்மை நிறக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய சின்னக் கோயில் அது. சாலையோரம் வரிசையாகப் பனைமரங்கள். தமிழ்நாட்டின் மாநில மரமான அதே பனைதான் கம்போடியாவின் தேசிய மரம். பதநீர் காய்ச்சி, கருப்பட்டி போன்ற பனை வெல்லத்தைப் பனை ஓலையில் பொதிந்து சாலையோரத்திலேயே விற்கிறார்கள்.

மீண்டும் நிரம்பிய வடக்குப் பராய்

1181 முதல் ஆண்ட ஏழாம் ஜெயவர்மன் கட்டியது ‘ஜெய தடாகம்’. நாடு முழுவதும் 102 மருத்துவமனைகள் இருந்ததாக இவனது காலத்து தா புரோம் கல்வெட்டு சொல்கிறது. ஏரியின் நடுவில் நெயாக் பொயான் கோயில். ஒரு பெரிய குளம், அதைச் சுற்றி நான்கு சிறு குளங்கள். யானை, குதிரை, சிங்கம், மனிதத் தலை வடிவத் தூம்புகள் வழியாகச் சிறு குளங்களுக்குத் தண்ணீர் விழும். அதில் குளித்தால் நோய் தீரும் என்று மக்கள் நம்பினார்கள்.

இந்த ஏரி நூற்றாண்டுக் கணக்கில் வறண்டு கிடந்தது. அங்கோரைப் பராமரிக்கும் ‘அப்சரா’ என்ற அரசு அமைப்பு, 2000-களின் இறுதியில் பழைய வாய்க்கால்களைச் சரிசெய்து தண்ணீர் விட்டது. இப்போது மரப்பாலத்தில் நடந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், பட்டுப்போன மரங்கள், அல்லி, பறவைகள்.

எதனால் நொடித்தது?

தா புரோம் கோயிலுக்கு அருகே ‘ஸ்பியென் த்மா’ என்ற கல்பாலம் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் நிற்காமல் போய்விடும் இடம். பாலத்தின் கண்கள் வழியாக இப்போது ஆறு ஓடுவதில்லை. பாலத்தை ஒட்டி விலகி, பல அடி பள்ளத்தில் ஓடுகிறது. ஆற்றுப்படுகை அரித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டால், அதிலிருந்து பிரியும் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறாது. பாசன வாய்க்காலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வியட்நாம் மலைகளில் உள்ள முதிய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தபோது, 14-ம் நூற்றாண்டின் நடுவிலும் 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சி வந்தது தெரிந்தது. இடையிடையே பெருமழையும் வந்திருக்கிறது. வறட்சியில் நீர்வரத்து குறைந்தது. வெள்ளத்தில் கரைகளும் வாய்க்கால்களும் அரிபட்டன. 500 ஆண்டுகளாக ஒன்றோடொன்று கோத்துக் கட்டிய அமைப்பு என்பதால், ஓரிடத்தில் உடைந்தது மற்ற இடங்களையும் பாதித்தது. 1431-ல் அயுத்தயா படையெடுப்பும் சேர்ந்துகொள்ள, தலைநகரம் தெற்கே புனோம் பென் பக்கம் நகர்ந்தது. அங்கோர் வாட்டில் மட்டும் வழிபாடு நிற்கவில்லை. பௌத்தத் துறவிகள் அங்கேயே தங்கினார்கள்.

தண்ணீர்ப் பிரச்னை இன்றும் இருக்கிறது. 2018, 2019 ஆண்டுகளில் தலா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் வந்தார்கள். அவர்களுக்காக எழுந்த விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சின. கோயில்கள் நிற்பதோ ஈர மணல்மீது. நிலத்தடி நீர் இறங்கினால் அஸ்திவாரம் என்ன ஆகும் என்ற கவலை வந்தது. பழைய ஏரிகளையும் அகழிகளையும் நிரப்பும் வேலைக்கு அதுவும் ஒரு காரணம். பெருமழையில் நகருக்குள் வெள்ளம் புகாமல் தாங்கவும் அவை உதவுகின்றன.

இன்னொரு வருத்தமும் உண்டு. கோயில் வளாகத்துக்குள் இருந்த சுமார் 10,000 குடும்பங்களை வெளியே குடியமர்த்தும் வேலை 2022-ல் வேகமெடுத்தது. விருப்பப்பட்டுத்தான் போனார்கள் என்கிறது அரசு. கட்டாயப்படுத்தினார்கள் என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023-ல் அறிக்கை வெளியிட்டது.

விவசாயிகள் தவறவிடக்கூடாத மேலும் மூன்று இடங்கள்

பாயோன் கோயில்: கல் முகங்களுக்குப் பெயர் பெற்றது. வெளிப்பிராகாரச் சுவரைச் சுற்றி நடந்தால், அன்றைய சந்தை, மீன்பிடி, சமையல், சேவல் சண்டை எல்லாம் கல்லில் இருக்கின்றன.

கபால் ஸ்பியென்: குலென் மலையில் ஓடையின் படுகையிலேயே வரிசையாக லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றின்மீது ஓடிப் புனிதமான நீர் கீழே ஆற்றில் சேர்ந்து வயலுக்குப் போகும் என்பது நம்பிக்கை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மலையேற்றம். மழைக்காலத்தின் முடிவில் போனால் ஓடையில் தண்ணீர் இருக்கும்.

தோன்லே சாப் ஏரி: மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு திசை மாறி ஏரிக்குள் பாயும். கோடையில் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி, 15,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரியும். 1296-ல் இங்கே வந்த சீனத் தூதர் சௌ தாகுவான், ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை அறுவடை நடந்ததாகவும், வெள்ளம் உயர உயரத் தானும் வளரும் நெல் இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். கம்போங் ப்லுக் போன்ற ஊர்களில் உயரமான கால்கள் மேல் நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு...

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. ஏரிகள் நிறைந்திருப்பதைப் பார்க்க அக்டோபர் கடைசி, நவம்பர் ஏற்றது. இந்தியர்களுக்கு விசா தேவை; இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக விமானம் மாறிப் போகலாம். 2017 முதல் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். கிளம்பும் முன் அன்றைய கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. பாஸ்போர்ட் காட்ட வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்ப்பது வழக்கம்.

கோயில்களுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால், ஏரிகளுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். காலையில் கிழக்குப் பராய், மதியத்துக்கு முன் நெயாக் பொயான், மாலையில் மேற்குப் பராய் கரை. டுக்-டுக் வண்டிக்காரரிடம் காலையிலேயே இந்த வரிசையைச் சொல்லிவிட்டால் போதும்.