நகரத்துக்கு அடியில் ஒரு காடு

டொரான்டோவின் ஓடைப் பள்ளத்தாக்குகளில் நடக்க இலையுதிர்காலம் உகந்தது. நாய்களுக்கு இன்னும் உகந்தது. காட்டுக்குத்தான் அவ்வளவு நல்லதாக இல்லை.

அக்டோபர் நடுப்பகுதி. காலை ஏழரை மணிக்குத்தான் சூரியன் எழுகிறது. கனடாவின் மிகப் பெரிய நகரமான டொரான்டோவில், மூர் அவென்யூ மீது கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலுவலகங்களை நோக்கி விரைகின்றன. சாலையின் தென்புறம் மரங்களுக்கிடையே ஒரு திறப்பு. புதியவர்கள் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். நாய்கள் அப்படிப் போவதில்லை. லாப்ரடாரோ, காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கலப்பினமோ, அந்த இடம் நெருங்கும்போதே மூக்கு உயர்கிறது, கயிறு விறைக்கிறது. மறுமுனையில் இருப்பவர் ஒரு கையில் காபியும் கோட்டுப் பாக்கெட்டில் பிளாஸ்டிக் பைகளுமாக இழுத்த இழுப்புக்குப் போகிறார்.

சரிவில் சிறிது தூரம் இறங்கியதும் நகரம் காணாமல் போகிறது. மேலே மாளிகைகள், கீழே மட் கிரீக் என்ற சின்ன ஓடை. பெயருக்கேற்ற சேற்று நிறம். இருபுறச் சரிவுகளிலும் மேப்பிள், ஓக், பீச் மரங்கள். சர்க்கரை மேப்பிள் ஆரஞ்சும் சிவப்புமாக எரிகிறது. ஓக் அவசரப்படாமல் செம்பழுப்புக்கு மாறுகிறது. காலடியில் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. நாய்க்கு இதுதான் செய்தித்தாள். நேற்று யார் வந்தார்கள், அணில் எங்கே கொட்டையைப் புதைத்தது, விடியலில் கொயோட்டி எனப்படும் சிறு ஓநாய் எந்தப் பக்கம் கடந்தது என எல்லாச் செய்தியும் ஈரச் சருகுக்குள் கிடைக்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்து வைத்தது நிறங்கள் மட்டுமே.

நடக்கும் பாதை ஒரு காலத்தில் தண்டவாளம். 1892-ல் பெல்ட் லைன் என்ற பயணிகள் ரயில் இந்த வழியாக ஓடத் தொடங்கியது. பள்ளத்தாக்கைச் சுற்றிப் புறநகர்கள் எழும், மனைகள் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். மனைகளும் விற்கவில்லை, பயணிகளும் வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் ரயில் நின்றது. ரியல் எஸ்டேட்காரர்களின் தோல்வியால் பின்னால் வந்த தலைமுறைகளுக்குக் கிடைத்த லாபம் இந்தப் பாதை.

ரவைன் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் இந்திய வாசகருக்கு நினைவு வருவது சம்பல் பள்ளத்தாக்கும் கொள்ளைக்காரர்களும்தான். டொரான்டோவின் பள்ளங்கள் வேறு வகை. கடைசிப் பனியுகம் பின்வாங்கிய பிறகு, வடக்கே உள்ள மேட்டிலிருந்து தெற்கே ஒன்டாரியோ ஏரியை நோக்கி ஓடிய நதிகளும் ஓடைகளும் மணலையும் களிமண்ணையும் பல்லாயிரம் ஆண்டுகளாக அறுத்து உண்டாக்கியவை. மேற்கே ஹம்பர், நடுவே டான், கிழக்கே ஹைலேண்ட் கிரீக், ரூஜ். இவற்றின் கிளைகள் விரல்களாகப் பிரிந்து வீதிகளுக்கு இடையே புகுந்துவிடுகின்றன. நகரின் பரப்பில் சுமார் 17 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 11,000 ஹெக்டேர், பள்ளத்தாக்கு. டெல்லியில் காடு ரிட்ஜ் என்ற மேட்டில் இருக்கிறது. டொரான்டோவில் அது கண்ணுக்குப் படாத பள்ளத்தில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கும் ஹோட்டலிலிருந்து நயாகராவுக்கும் போய்த் திரும்பும் சுற்றுலாப் பயணி இதைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்.

எல்லாப் பள்ளமும் தப்பவில்லை. நகரின் மேற்கில் ஓடிய கேரிசன் கிரீக்கைச் சாக்கடைக் குழாய்க்குள் அடைத்து மேலே மண்ணைக் கொட்டினார்கள். 1960-களில் சுரங்க ரயிலுக்குத் தோண்டிய மண்ணும் அங்கேதான் வந்தது. கிராஃபோர்டு வீதியின் மூன்று வளைவுப் பாலம் இடிக்கப்படாமல் அப்படியே புதைக்கப்பட்டது. இன்று அதன் மேல் கார்கள் போகின்றன. பக்கத்து டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவில் மட்டும் பள்ளத்தின் ஒரு துண்டு மூடப்படாமல் மிஞ்சியிருக்கிறது. கிண்ணம் போன்ற அந்தக் குழியில்தான் அக்கம்பக்கத்து நாய்களைக் கயிறு அவிழ்த்து விடுகிறார்கள். ஊர்ப்பெயர் ‘நாய்க் கிண்ணம்’. அடியில் ஒரு நதி ஓடிக்கொண்டிருப்பது அங்கே பந்து எறியும் பலருக்குத் தெரியாது.

மற்ற பள்ளங்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கும். ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் வீடுகள் எழுந்துகொண்டுதான் இருந்தன. அவற்றைக் காப்பாற்றியது தொலைநோக்கு அல்ல, ஒரு புயல். 1954 அக்டோபர் 15 இரவு, இதே இலையுதிர்காலத்தில், ஹேசல் சூறாவளி டொரான்டோவைத் தாக்கியது. ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணில் விழுந்த மழை நேரே ஆறுகளுக்குள் இறங்கியது. இறந்தவர்கள் 81 பேர். அவர்களில் 35 பேர் ஹம்பர் கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே வீதியைச் சேர்ந்தவர்கள். அருகில் இருந்த நடைபாலம் ஒரு பக்கம் பெயர்ந்து வெள்ளத்தை வீதிப் பக்கமே திருப்பிவிட்டது. உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு வீடுகள் ஆற்றில் போயின.

அதன் பிறகுதான் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டக் கூடாது என்ற முடிவு உறுதியானது. 1957-ல் நதிகளைக் காக்க ஓர் ஆணையம் அமைந்தது. தாழ்நிலங்கள் பொதுப் பணத்தில் வாங்கப்பட்டுப் பூங்காக்கள் ஆயின. ரேமோர் டிரைவின் ஒரு பகுதி இன்று ரேமோர் பூங்கா. சாய்ந்த பாலத்தின் அடித்தூண் ஆற்றோரம் கிடக்கிறது. பக்கத்தில் நினைவுப் பலகை. சற்றுத் தள்ளி வேலி போட்ட இடத்தில் நாய்கள் கயிறின்றி ஓடுகின்றன. 81 உயிர்கள் போன பிறகு வந்த புத்தி என்று சொல்லலாம். இந்திய நகரங்கள் அந்த விலையைக் கொடுத்த பிறகும் ஏரிகளுக்குள் மனை போட்டு விற்பது வேறு விஷயம்.

மூர் பூங்காப் பள்ளத்தாக்கில் இறங்கியவர் தெற்கே நடந்தால் சுமார் முக்கால் மணி நேரத்தில் பழைய செங்கல் சூளையை அடைகிறார். வழியில் நாய் ஐந்து முறை நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 1889-ல் தொடங்கிய சூளை அது. மாஸி ஹால் அரங்கமும் காசா லோமா மாளிகையும் இங்கே சுட்ட செங்கல்லைச் சுமக்கின்றன. 1980-களில் சூளை அணைந்தது. களிமண் வெட்டிய பெருங்குழியில் இப்போது அல்லிக் குளங்களும் ஆமைகளும் நாரைகளும். குழியின் வடக்குச் சுவர் புவியியலாளர்களுக்கு ஒரு யாத்திரைத் தலம். இரண்டு பனியுகங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட வெப்ப காலமும் அதில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மேலே ஏறி நின்று தெற்கே பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமான மரக்கடல். அதற்கு மேல் 553 மீட்டர் சி.என். கோபுரம் குச்சியாய்த் தெரிகிறது. படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை.

இங்கிருந்து டான் நதிப் பக்கம் இறங்கினால் நிசப்தம் முடிந்தது. 1960-களில் இந்தப் பள்ளத்தாக்கின் மடியிலேயே விரைவுச்சாலை போட்டார்கள். அதன் இரைச்சல் விடாமல் தொடர்கிறது. நதிக்கு மேலே 1918-ல் திறந்த பிரின்ஸ் எட்வர்டு பாலம். கீழ்த்தளத்தில் என்றாவது ரயில் ஓடும் என்று இடம் விட்டே கட்டினார்கள். 1966-ல் ரயில் வந்தது. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1987-ல் எழுதிய நாவலில், இந்தப் பாலத்தைக் கட்டிய பெயர் தெரியாத குடியேறிகள்தான் நாயகர்கள்.

அழகைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு அந்த அழகைச் சந்தேகிக்கவும் வேண்டும். அக்டோபர் கடைசியில் எல்லா மரமும் நிறம் மாறி உதிரும்போது, சில மரங்கள் மட்டும் பச்சையாகவே நிற்கின்றன. நவம்பரில்தான் வெளிர் மஞ்சளுக்கு வருகின்றன. நடப்பவர்கள் இதையும் ரசிக்கிறார்கள். அவை நார்வே மேப்பிள், ஐரோப்பிய இனம். நகர வீதிகளில் எல்ம் மரங்கள் நோயில் மடிந்தபோது அவற்றின் இடத்தில் ஏராளமாக நடப்பட்டவை. விதைகள் காற்றில் பள்ளத்தாக்குக்குள் இறங்கின. சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாக உதிர்வதால் அதன் அடர்நிழலில் வேறு கன்று தலையெடுப்பதில்லை. சரிவில் வெறும் மண் மிஞ்சுகிறது, மழைக்குக் கரைகிறது. 1970-களில் செய்த கணக்கெடுப்பை நாற்பது ஆண்டு கழித்து டொரான்டோ பல்கலைக்கழக வனவியலாளர்கள் மீண்டும் செய்து பார்த்தபோது, இந்த மரம் பல மடங்கு பெருகியிருந்தது. கனடாவின் புதிய கரன்சி நோட்டில் இருப்பது தேசத்தின் மேப்பிள் இலையே அல்ல, இந்த நார்வேக்காரனின் இலை என்று 2013-ல் தாவரவியலாளர்கள் புகார் கிளப்பியதும், அது பொதுவான சித்திரம்தான் என்று மத்திய வங்கி சமாளித்ததும் தனிக் கதை.

இன்னொரு அந்நியருக்குப் பெயரே ‘நாய்நெரிக் கொடி’. உக்ரைன் பக்கத்திலிருந்து வந்தது. நாயை எதுவும் செய்யாது, பெயர்தான் பயங்கரம். நெரிப்பது மற்ற செடிகளை. நம் ஊர் எருக்குக்கு உறவுமுறை. அதனால் இலையுதிர்காலத்தில் காய் வெடித்து எருக்கம் பஞ்சு போலவே வெள்ளை விதை பறக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சி இதையும் தன் எருக்கு என்று ஏமாந்து முட்டையிடுகிறது. பொரிக்கும் புழுக்கள் பிழைப்பதில்லை.

விதை பரவ ஒரு ரோமப் போர்வை உதவினால் காற்றுக்கு வேலை மிச்சம். இங்கேதான் நாய்க்காரர்களின் மனசாட்சி உறுத்த வேண்டும். நகராட்சி விதிப்படி, ஒதுக்கப்பட்ட இடங்கள் தவிர எங்கும் நாயை இரண்டு மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். கூலிக்கு நாய் நடத்துபவர்களுக்கும் அனுமதிச் சீட்டு உண்டு, ஒரே நேரத்தில் ஆறு நாய்க்கு மேல் கூடாது. பள்ளத்தாக்கில் எவ்வளவு சிறிய மரத்தையும் அனுமதியின்றி வெட்ட முடியாது. இவ்வளவும் இருந்தும், ஆள் நடமாட்டம் இல்லாத வளைவில் கயிறு அவிழ்கிறது. நாய் பாதையை விட்டுச் சரிவில் பாய்கிறது. பின்னாலேயே எஜமானரும். ஒரு பருவத்தில் அது ஒற்றையடிப் பாதை, அடுத்த பருவத்தில் மழைநீர் வாய்க்கால். 2013 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் பெய்த பேய் மழைகளில் டான் நதி கரை உடைத்து விரைவுச்சாலையை மூழ்கடித்தது. ஹேசல் ஏதோ தாத்தா காலத்துச் சம்பவம் என்று இனி யாரும் சொல்வதற்கில்லை. சரிவு மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் வேர்கள் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும்.

நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் இலையுதிர்கால நடைக்கு வேறொரு கவர்ச்சி. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் அடர்த்தியாக வாழும் பகுதி. ஹைலேண்ட் கிரீக் கரையில் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் வியப்பில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஏரியிலிருந்து சாமன் மீன்கள் ஓடையை எதிர்த்து ஏறுகின்றன. முழங்கால் ஆழமே உள்ள நீரில் கை நீள மீன் முதுகு தெரியத் துள்ளும்போது கரையில் நிற்கும் பிள்ளைகளும் துள்ளுகிறார்கள். இவையும் வந்தேறிகளே. இந்த ஏரியின் சொந்த அட்லாண்டிக் சாமன் 19-ம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துவிட்டது. இப்போது ஏறுவது 1960-களின் இறுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பசிபிக் கடலின் சினூக் இனம். முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. கரையெங்கும் அழுகிய மீன். எந்த வாசனைத் திரவியமும் நாய்க்கு இதற்கு ஈடில்லை. புரண்டு எழுவதற்குள் கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

தமிழில் இலையுதிர்காலம் என்று மொழிபெயர்த்துச் சொன்னாலும், நம் காடுகளில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். இங்கே அது ஐப்பசிக் கதை. நவம்பர் பிறந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஐந்து மணிக்கே பள்ளத்தில் இருட்டு. மேலே வீடுகளில் விளக்குகள் தெரிகின்றன. நாயின் கழுத்துப்பட்டையில் சிறு விளக்கைச் சொருகிக்கொண்டு ஏறி வருகிறார்கள்.

வீட்டு வாசலில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பருவத்தில்தான் உண்ணிகள் உயிர்ப்போடு திரிகின்றன. லைம் நோயைக் கொண்டுவரும் கருங்கால் உண்ணி ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் குடியேறிவிட்டது. காதைப் புரட்டி, தொடை இடுக்கைத் தடவி, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வாலில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு சிக்கியிருக்கும். அதை ஊதிவிடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். நாய் பொறுமையாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது.